கல்லில் மூன்று துண்டுகள்

பிராகா நகரத்தின் அந்தச் சின்ன உணவகத்தில் மேசைக்கு நடுவே ஒரு கருங்கல் பலகை கனன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் தூவிய கல்லுப்பு படபடவென்று வெடிக்கிறது. இங்கே சாப்பிட வந்தவர்கள்தான் கறியை வாட்டிக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயிலில் புகை நீலமாகச் சுருள்கிறது. காய்ச்சலில் வாசனை அறியும் சக்தி போய், குளிர்காலம் முழுக்கச் சக்கையை மென்றதுபோலவே சாப்பிட்டு வந்த தெயோலிந்தா முதல் துண்டைப் புரட்டி எடுத்து வாயில் போடுகிறாள். எதிரே அவள் கணவன் அதெரிட்டு, வைனைத் தொடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"முதுகோட உள்கறி. எப்படி இருக்கு?"

"மெத்துன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"இடுப்புக்கறி?"

"மெல்லறதுக்கு நல்லாருக்கு, உப்பு தெரியுது. பரீட்சை வைக்காம நீயும் சாப்பிடுய்யா."

அவன் சிரித்துக்கொண்டே விலாத்துண்டைக் கல்லில் போடுகிறான். ஓரத்துக் கொழுப்பு சீறி, உருகி, எலும்பைச் சுற்றி நுரைக்கிறது. அவள் முகத்தைத் திருப்பி, வெளியே சதுக்கத்தில் புறாக்களை விரட்டும் ஒரு நாயை வேடிக்கை பார்க்கிறாள். சட்டென்று அவள் நெற்றி சுருங்குகிறது.

"தீயுது பாரு. திருப்பு."

இடுக்கி அவன் கையில் அப்படியே நிற்கிறது. "நீ இந்தப் பக்கம் பாக்கவே இல்லையே, தெயோ?"

அவள் மெல்லத் திரும்புகிறாள். புகைக்குள் முகம் குனிந்து, கண்ணை மூடி, மார்பு நிறைய மூச்சை இழுக்கிறாள். அவன் அவசரமாகத் துண்டைத் திருப்பப் போக, அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

"இருய்யா. இன்னும் கொஞ்சம் தீயட்டும்."