அறுநூறு இலக்கப் பூட்டு

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியும் அவருடைய மடிக்கணினி திறக்கவில்லை.

“உங்கப்பா போட்டிருக்கிற பூட்டு அறுநூறு இலக்க எண்ணும்மா. ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உண்டாக்கியிருக்கார். அதுல ஒண்ணு கிடைச்சாப் போதும், வகுத்து மத்ததையும் எடுத்துத் திறந்துடலாம்.”

“அது கிடைக்கலைன்னா யாராலயுமே திறக்க முடியாதா?” என்று கேட்டாள் அம்மா.

“உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்தாலும் நம்ம ஆயுசுக்குள்ள முடியாது.”

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. மகள் அதைக் கவனிக்கவில்லை. தேம்பிக்கொண்டிருந்தாள்.

“‘உனக்காக எழுதி வச்சிருக்கேன், படி’ன்னு கடைசியா சொன்னாரும்மா. அதைப் படிக்காம நான் எப்படி இருப்பேன்?”

அம்மா மகளின் கண்களைத் துடைத்துவிட்டாள். பிறகு கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். பக்கம் முழுக்க அப்பாவின் கையெழுத்தில் இலக்கங்கள்.

“இது உங்கிட்டயா இருந்துச்சு? ஏம்மா மறைச்சே?”

“நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயம்.” அம்மா மடிக்கணினியைக் காட்டினாள். “உன்னைப் பெத்தவ யாருன்னு அதுலதான் எழுதியிருக்கார்.”