தேடாமல் வந்த விளம்பரம்

“மச்சான், சீக்கிரம்டா! உங்க அக்கா குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிடு!”

அக்கா புருஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதில் செய்தி படித்தாலும் சரி, வானிலை பார்த்தாலும் சரி, ஓரத்தில் ‘சுமுகமாக விவாகரத்து பெற அணுகவும்’ என்று ஒரு வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தார்.

“உண்மையைச் சொல்லுங்க மாமா. யாரும் தேடாம இதெல்லாம் வராது.”

“சத்தியமா நான் தேடலடா! அவ பார்த்தா நம்புவாளா? அன்னைக்கே என்னை வெளிய தள்ளிடுவா!”

நானும் நம்பவில்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தேன்.

“பாஸ்வேர்டுல கை வைக்க மாட்டேன், பயப்படாதீங்க. குக்கீஸும் தற்காலிக ஃபைலும் மட்டும் டிக் பண்றேன். எந்த சைட்ல என்ன பண்ணோம்னு ஞாபகம் வச்சிருக்கறதே இந்தக் குக்கீஸ்தான்.”

“அழிச்சாச்சா?”

“சுத்தம்!”

வக்கீல் போய், அந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி வந்து நின்றது. மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தலையைத் துவட்டியபடி வந்த அக்கா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டே நிமிடத்தில் அலறினாள்.

“எவன்டா இதுல கை வச்சது? வக்கீல் சைட்ல பாதியில விட்டிருந்த ஃபார்ம் அப்படியே போச்சு! பிரியறதுக்கு என்ன காரணம்னு கேட்டிருந்தான். ரெண்டு நாளா உட்கார்ந்து பதினேழு வரைக்கும் டைப் பண்ணியிருந்தேன்டா!”