வீப்ரனுக்கு ஓர் அஞ்சலி

"காலமான வீப்ரன் ரொம்ப நல்லவர்னு மட்டும் எழுதி வைக்காதேம்மா, கேக்கறவங்க தூங்கிடுவாங்க" என்றபடி காபியைக் கலக்கினார், இன்னும் காலமாகாத வீப்ரன்.

ரென்ஸ்கே தாளைக் கசக்கிப் போட்டாள். சவ அடக்கத்தின்போது இறந்தவரைப் பற்றிப் பேசும் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஓர் எழுத்துத் தேர்வு. முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைக் கொடுத்து, அஞ்சலிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. 'எல்லாரும் புனிதர்களாக இருக்கிறார்கள், மனிதரைத்தான் காணோம்' என்று திருத்தியவர் குறிப்பு வேறு எழுதியிருந்தார். அடுத்த மாதமும் தவறினால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் பூக்கடையில் மலர்வளையம் கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு வீப்ரன், ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போகும் படகில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். பயிற்சிக்கு என்னையே செத்தவனாக வைத்துக்கொள் என்று தாமாகவே வந்து உட்கார்ந்தார். வந்தவர் லேசில் விடுவதாக இல்லை. சீட்டாட்டத்தில் தாம் செய்யும் திருட்டுத்தனத்தைச் சேர்க்கச் சொன்னார். மனைவி இருந்தவரை ஒரு தட்டைக்கூடக் கழுவாததையும், அவள் போன பிறகு அவள் வளர்த்த ரோஜாச் செடியிடம் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். ரென்ஸ்கேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாரக்கணக்கில் எழுதி, அடித்து, திரும்ப எழுதினாள். ஒருவழியாக ஆள் அப்படியே தாளில் வந்து உட்கார்ந்தார்.

படித்துவிட்டு வீப்ரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு பிரதி வேணும். நாளைக்குள்ள."

"அப்படி என்ன அவசரம்?"

"என் வயசுல எதையும் தள்ளிப்போடக் கூடாதும்மா."

அவளுக்குப் பகீரென்றது. கொஞ்ச நாளாகவே மனிதரின் போக்கு சரியில்லை. மனைவியின் துணிமணிகளையெல்லாம் தானம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார். புது கோட்டு ஒன்று தைத்து மாட்டி வைத்திருக்கிறார். போகப் போகிறவர்தானே இப்படி எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணுவார்?

அன்று மாலையே பிரதியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். "டாக்டர் என்ன சொன்னார்? என்கிட்ட மறைக்காதீங்க."

"டாக்டரா? அந்த ஆளு நான் நூறு வயசு வரைக்கும் இருப்பேன்னு பயமுறுத்தறார்."

"அப்புறம் எதுக்கு இது?"

வீப்ரனின் காது சிவந்தது.

"நூலகத்துல வேலை பாக்கறாளே தீனா, அவகிட்ட, நீ என்னைப் பத்தி முதல்ல எழுதி அடிச்சதை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். 'இப்படி ஒரு ஆளைச் செத்த பிறகு தெரிஞ்சுக்கறதுக்கு, இப்பவே கட்டிக்கறேன்'னுட்டா. நாளைக்கு அவ பொண்ணுங்க என்னைப் பார்க்க வர்றாங்க, அவங்களுக்கும் படிக்கக் கொடுக்கணும். ஒரு பொம்பளை கல்யாணத்துக்கே சம்மதிச்சிட்டா, உன் பரீட்சைக்காரங்க பாஸ் போட மாட்டாங்களா?"