சொல்லாத யோசனை

ஓசூர் ஸ்கூட்டர் தொழிற்சாலையில் எல்லோரும் நெற்றியில் ஒரு பட்டை அணிந்திருந்தார்கள். வேலையை எளிதாக்கும் யோசனை மனதில் தோன்றினால் அது பச்சையாக ஒளிரும். யோசித்தவருக்குக் கம்பெனியில் பங்கு கிடைக்கும்.

ஒயர்களைச் சோதிக்கும் மரகதத்துக்கும் அடிக்கடி ஒரு யோசனை தோன்றப் பார்த்தது. ஒயரைக் கொஞ்சம் வளைத்து வைத்தால் அதைக் கட்டவே வேண்டியதில்லை. ஆனால் ஒயர் கட்டுவதுதான் பக்கத்து இருக்கை ஜெபராணியின் வேலை. அதனால் யோசனை முழுதாகத் திரளும் முன்பே மரகதம் அவசரமாகப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். இத்தனைக்கும் அவள் மகளின் நர்சிங் படிப்பு அந்தப் பங்கை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஜெபராணி கேட்டாள்.

"எப்பப் பாரு வாய்ப்பாடு முணுமுணுக்குறீங்களே, ஏன்க்கா?"

மரகதத்தால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். "பச்சை எரிஞ்சா உன் வேலை போயிரும்டி."

ஜெபராணி கையிலெடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள்.

"நான் மட்டும் எதுக்கு நாள் பூரா ஜெபம் சொல்றேன்னு நினைச்சீங்க? ஒயரைச் சோதிக்க ஆளே வேணாம்னு எனக்கும் ஒண்ணு தோணிக்கிட்டே இருக்குக்கா."

மரகதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெபராணி தன் டப்பாவிலிருந்த மீன் துண்டைப் பிட்டு, பெரிய பாதியை அக்காவின் சோற்றில் வைத்தாள்.