பின்னறை ஜன்னல்

வீடு கதகதப்பாக இருக்கிறதா என்று இப்போதெல்லாம் குடியிருப்பவனை யாரும் கேட்பதில்லை. இயந்திரத்தைத்தான் கேட்கிறார்கள்.

வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தியிருந்தாள் வீட்டைச் சோதிக்க வந்த ஃபிடெல்மா. உள்ளே இருக்கும் காற்றை அது வெளியே இழுக்கும். இடுக்கு எங்கே இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சூடு எவ்வளவு தங்குகிறது என்று பார்த்து, வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை ஏதோ ஓர் எழுத்து போடுவாளாம்.

'டி' எழுத்துக்குக் கீழே இறங்கினால் வசந்தத்துக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று டப்ளினிலிருந்து வீட்டுக்காரன் எழுதியிருந்தான். மாலக்கி இந்த வீட்டுக்குக் குடிவந்து நாற்பத்தொரு வருடம்.

பின்கதவு பூட்டியாயிற்று. அடுப்பை அணைத்து, புகைபோக்கிக்குள் எதையோ திணித்துவிட்டாள். எலிப்பொறிக்குள் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

"பின்னறை ஜன்னல் அரை அங்குலம் தெறந்து கெடக்கு, பெரியவரே. மூடிக்காம இருக்க ஆணி வேற. ஊருக்கே சூடு காட்டுறீங்களா? அத மூடுனா டி. இல்லேன்னா பொட்டியக் கட்டுங்க."

மாலக்கி விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது வீட்ல இருக்கிற மொத்தக் காத்தையும் வெளிய இழுத்துருமா? மூலை முடுக்கு விடாம?"

"கட்டிலுக்கு அடியில இருக்கிறதக்கூட."

அவர் குறடு எடுத்துப் போய் ஆணியைப் பிடுங்கினார். ஜன்னல் சட்டத்தை மெல்ல இறக்கினார். கையை உடனே எடுக்கவில்லை.

விசிறி இரைந்தது. திரைச்சீலை உப்பி அடங்கியது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன பூசையா?" என்று சிரித்தாள்.

டி கிடைத்தது.

அந்த அறையில்தான் அவர் மனைவி நூலா இறந்தாள், பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரியில். மூச்சு நின்றதுமே ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், உயிர் வெளியே போவதற்கு. அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அன்றைக்குக் கடும் உறைபனி. சூடு வீணாகப் போய்விடுமே என்று அவர் திறக்கவில்லை. விடிந்த பிறகுதான் உறைத்தது; அன்றைக்குத் திறந்துவைத்து அடித்த ஆணிதான் அது.

ஃபிடெல்மா விசிறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினாள். மாலக்கி தொப்பியை மாட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

"கதவு, பெரியவரே!"

அவர் திரும்பவில்லை. வாசற்கதவு அகலத் திறந்தபடியே கிடந்தது.