கல் சன்னலில் ஒரு நூல்

ஒருநாள் சுற்றுலாவில் வந்தவர்கள் எல்லாரும் தர்காவில் ஒரே கல்லில் குடைந்த பின்னல் சன்னலைப் படமெடுத்துக்கொண்டிருக்க, சபுரா மட்டும் அதில் கட்டிக்கிடந்த நூல்களில் ஒன்றை அவிழ்த்தாள். நாட்டம் நிறைவேறியவர்கள் வந்து அவிழ்ப்பதுதான் அங்கே வழக்கம். போன வருஷம் அவள் கட்டியது மகனுக்காக. அவன் மௌத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. அங்கே அடங்கியிருக்கும் அவுலியா அவனுக்காக அல்லாவிடம் இன்னும் மன்றாடிக்கொண்டிருக்க வேண்டாமே என்றுதான் வந்தாள்.

“நாட்டம் கூடிருச்சா ராத்தா?” பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம் மவனுக்கு ரத்தத்துல கோளாறு. இந்த ராசியான கையாலயே ஒரு நூலு கட்டிவிடுங்க.”

சபுரா நூலை வாங்கி, தன் மகனுக்குப் போட்டதைவிட ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டாள்.