முதலையின் புதினாத் தண்ணீர்

மடுவின் கரையில் முதலை வாயைப் பிளந்து வெயில் காயும். ஆள்காட்டிக் குருவி உள்ளே போய், பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சியைக் கொத்தித் தின்னும். குருவிக்கு அதுதான் சோறு. ஆனாலும் முதலையின் வாய் கொஞ்சம் நாறத்தான் செய்தது.

ஒருநாள் காக்கை எங்கிருந்தோ ஒரு புட்டி புதினாத் தண்ணீர் கொண்டுவந்தது. முதலை ஒரு மடக்கு கொப்பளித்துத் துப்பியது. கரையே கமகமத்தது.

"இனிமே நீ வர வேண்டாம். நீ உள்ள நடந்தா கூசுது," என்றது முதலை.

"வாசனை நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா கடவாய்ல அந்த ஆட்டுக்கறி நார் அப்படியே இருக்கே," என்றது குருவி.

"பொழப்பு போச்சேன்னு பேசுது," என்றது காக்கை. முதலையும் தலையாட்டியது.

குருவி அக்கரைக்குப் போய்ப் புழு பொறுக்கிப் பிழைத்தது. மழைக்காலம் முடிந்ததும் மனசு கேட்காமல் பார்க்க வந்தது. முதலையின் தாடை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. சொத்தை விழுந்த கடவாய்ப்பல் மணலில் கிடந்தது.

"என்ன அண்ணே இது?" என்று பதறியது குருவி.

முதலை வலியோடு அந்தப் பல்லை அதன் பக்கம் தள்ளிவிட்டது.

"மோந்து பாரு," என்றது பெருமையாக. "விழுந்த பல்லுகூட எப்படி மணக்குது."